கடல் மட்டத்தில் எழுபத்தேழு

எல் ஆல்ட்டோ. நாலாயிரம் மீட்டர். காலை ஏழு மணி,
என்ஜினுக்கும் எனக்கும் மூச்சு வாங்குகிறது.
செனோபியா காயிசாயா என் ஸ்டார்லெட்டை
நான்கு பட்டைகளால் தரையோடு கட்டுகிறாள்.
இன்னும் இறுக்கேன் என்கிறேன்.
"இறுக்கினால் டயர் உருளையில் நசுங்கி
ரெண்டு குதிரையைத் தின்றுவிடும்.
அப்புறம் என்னைத் திட்டுவாய்."

தின்னக் கொடுக்க என்னிடம் அதிகமில்லை.

போன மாதம் கொச்சபம்பாவில்
இவள் அக்கா புருஷன் ஃபாக்குந்தோவிடம் போயிருந்தேன்.
அவனிடம் இருப்பது வெறும் உருளை.
ஒரு டன்னுக்கு மேல் எடை,
சுற்றுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது.
மிதி என்றான், மிதித்தேன்.
சும்மா கிடந்த இரும்பு
எத்தனை நொடியில் எத்தனை வேகம் பிடித்தது,
கணக்கு அவ்வளவுதான்.
தடுப்பாரில்லை. பன்னிரண்டு நொடி.
அறுபத்து நான்கு என்று எழுதித் தோளில் தட்டினான்.
நான் காசை எண்ணிக் கொடுத்து முடித்தும்
உருளை நின்றபாடில்லை.

சாந்தா குரூஸில் சக்கரத்தையே கழற்றிவிட்டார்கள்.
மியாஹிரா என்ற மனிதர், ஒகினாவாக் குடியேற்றத்துக்காரர்,
அச்சின் முனையில் கருவியை நேரே பூட்டினார்.
டயர் இல்லை, வழுக்கல் இல்லை,
சொல்லிக்கொள்ளச் சாக்கும் இல்லை.
அந்தப் பள்ளத்தில் காற்று கஞ்சிபோல் கெட்டி,
குடித்துக் கொழுத்தது என் பழைய என்ஜின்.
எண்பத்து நான்கு.
அன்று இரவு நான் தனியாக ரெண்டு பீர் குடித்தேன்.

அதே கார். அதே பிளக். அதே முட்டாள் ஓட்டுநர்.

செனோபியாவின் உருளை எதிர்த்துப் பேசும்.
உள்ளே சுழலும் இரும்புத் தட்டு, சுற்றிலும் காந்தச் சுருள்கள்.
மின்சாரம் பாய்ந்ததும்
தொடாமலே பிடித்துக்கொள்கிறது.
"மூவாயிரத்தில் நில்" என்கிறாள்.
நிற்கிறேன்,
லா பாஸிலிருந்து பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு
மேடேறுவதுபோல, ஒரே இடத்தில்.
பிரேக்கிலிருந்து நீண்ட ஓர் இரும்புக் கை
எடை உணரியை அழுத்துகிறது.
தராசுதான். கிழங்கு நிறுப்பது மாதிரி
முறுக்கை நிறுக்கிறாள்.
தட்டு பழுக்கும் வாடை வருகிறது.
"இன்னும் கொஞ்சம். நாலாயிரம். விடாதே."

நாற்பத்தெட்டு.

நாற்பத்தெட்டா?

திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும்.
அழுத்தினால் காற்றழுத்தம், வெப்பம், ஈரம் எல்லாம் சேர்த்து
கடல் மட்டத்தில் இந்தக் கார் என்ன தரும் என்று சொல்லும்.
அழுத்து என்றேன். விற்கப் போகிறேன், விளம்பரத்தில் போட வேண்டும்.

"என் அம்மா சுன்யோ விற்றவள்.
பனியில் போட்டு, மிதித்து, வெயிலில் காய்ந்த கிழங்கு.
அதை நிறுத்துவிட்டு,
பச்சையாக இருந்தபோது எவ்வளவு என்று
எவளிடமாவது காசு கேட்டிருப்பாளா?"

வெளியே தாரை தப்பட்டை.
மார்ச் இருபத்து மூன்று, கடல் நாள்.
மாலுமித் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள்
நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்
போரில் போன கடலைக் கேட்டு
உறைந்த தெருவில் நடைபோடுகிறார்கள்.
ஒருவனுக்கு மூக்கு ஒழுகுகிறது.

பார்த்துக்கொண்டே நின்றவள்
பொத்தானை அழுத்திவிட்டாள்.
எழுபத்தேழு.
"இந்த உயரத்துக்கு அந்தச் சூத்திரமே செல்லாது,
இருந்தாலும் வைத்துக்கொள்" என்று
தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினாள்,
முன்பக்கம் அச்சிட்டது நாற்பத்தெட்டுதான்.

பட்டைகளை அவிழ்த்தாள். வெளியே வந்தேன்.
ஊர்வலம் முடியும்வரை வண்டியை விடமாட்டேன் என்றார் போலீஸ்காரர்.
முதல் கியரில் காத்திருந்தேன்,
நாற்பத்தெட்டும் நடுங்க,
சட்டைப் பையில்
இன்னும் இருபத்தொன்பது.